சேகரிப்புப் பொருள்களைத் தபாலில் விற்பது: தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தபால்தலை, நாணயம், பழைய அஞ்சலட்டை, தீப்பெட்டிப் படம், இசைத்தட்டு, பொம்மைக் கார், விளையாட்டு அட்டை. இவற்றைச் சேகரிப்பவர்களுக்குத் தபால் வழியாக விற்கலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கடையில் விற்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுதான். வாங்குபவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமலே பணம் கட்டுகிறார். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி அந்த ஒரு விஷயத்திலிருந்து வருகிறது.

எதை விற்பது? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதற்குள்ளும் ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் படம் போட்ட தபால்தலைகள், ஒரே ஒரு நாட்டின் 1950-க்கு முந்தைய நாணயங்கள், விமானத் தபாலில் போன பழைய உறைகள் என்று ஏதாவது ஒன்று.

சேகரிப்பவர் ஒன்றை வாங்குவது அது அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. ஆல்பத்தில் காலியாக இருக்கும் இடத்தை நிரப்பவே பெரும்பாலும் வாங்குகிறார். பத்துத் தலைகள் உள்ள ஒரு வரிசையில் எட்டு கிடைத்துவிட்டால், மீதி இரண்டும் கைக்கு வரும்வரை அவருக்கு நிம்மதி கிடையாது. அந்த இரண்டு உங்களிடம் இருக்கும் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். எல்லாவற்றிலும் மேலோட்டமாகச் சரக்கு வைத்திருப்பவரிடம் அவர் ஒருமுறை வாங்குவார். அவருடைய வரிசையை அவரைவிட நன்றாக அறிந்தவரிடம் வருஷக்கணக்கில் வாங்குவார்.

எடையையும் பாருங்கள். தபால்தலை, பணத்தாள், அஞ்சலட்டை எல்லாம் ஒரு கவருக்குள் அடங்கிவிடும், விழுந்தாலும் உடையாது. பீங்கான் பொம்மைக்குத் தபால் செலவே பொருளின் விலையைத் தாண்டிவிடலாம். முதல் வியாபாரமாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரக்கு எங்கே கிடைக்கும்?

ஒற்றை ஒற்றையாக வாங்கி ஒற்றை ஒற்றையாக விற்றால் லாபம் நிற்காது. மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஆல்பங்கள், ஏல நிறுவனங்கள் கட்டாக விற்கும் லாட்டுகள், கடையை மூடும் வியாபாரியின் இருப்பு, சங்க உறுப்பினர்கள் கைவிடும் இரட்டைப் பிரதிகள் ஆகியவைதான் வழக்கமான வழிகள்.

ஸ்டான்லி கிப்பன்ஸின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1856-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், தன் அப்பாவின் மருந்துக்கடையில் ஒரு மூலையில் தபால்தலை விற்க ஆரம்பித்தவர் அவர். கொஞ்ச காலம் கழித்து, கப்பலில் வந்த மாலுமிகள் இருவரிடமிருந்து தென்னாப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்றமான கேப் ஆஃப் குட் ஹோப்பின் முக்கோணத் தபால்தலைகளை ஒரு பையோடு வாங்கினார் என்று சொல்வார்கள். பையாக வாங்கியதைத் தரம் பிரித்து, ஒவ்வொன்றாக விலை போட்டு விற்றார். 1865-ல் அவருடைய முதல் விலைப்பட்டியல் வந்தது. இன்றைக்கும் அதே வேலைதான்.

ஒரு தொகுப்புக்கு விலை சொல்லும்போது, அதிலுள்ள எல்லாவற்றையும் விற்றுவிடுவோம் என்று கணக்குப் போடாதீர்கள். நிச்சயம் விற்கும் என்று தெரிந்த சில நல்ல பொருள்களை மட்டும் தனியே எண்ணுங்கள். அவை மட்டுமே போட்ட பணத்தை மீட்டுத் தருமா என்று பாருங்கள். மீதி எல்லாம் மெதுவாக விற்கும், சிலது விற்கவே விற்காது.

இறந்துபோனவரின் தொகுப்பைக் குடும்பத்தார் கொண்டுவந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அரிதான ஒன்று கண்ணில் பட்டால் வாய் திறந்து சொல்லுங்கள். "இது ஒன்று மட்டும் ஏலத்துக்குப் போக வேண்டியது, மற்றவற்றை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்ன வியாபாரியைப் பற்றி அந்தக் குடும்பம் பத்துப் பேரிடம் சொல்லும். அடுத்த தொகுப்பு அப்படித்தான் வரும்.

என் சொந்தச் சேகரிப்பிலிருந்து ஆரம்பிக்கலாமா?

இரட்டைப் பிரதிகளைத் தாராளமாக விற்கலாம். ஆனால் நீங்கள் சேகரிக்கும் அதே பிரிவில் வியாபாரமும் செய்தால், வரும் சரக்கில் நல்லதெல்லாம் உங்கள் ஆல்பத்துக்குப் போய்விடும், பட்டியலில் மிச்சம்தான் நிற்கும். வாடிக்கையாளர்கள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்துப் பிரிவை எடுத்துக்கொள்வது நல்லது.

கேட்டலாக் விலையையே போட்டுவிடலாமா?

கேட்டலாக் என்பது தலைகளையும் நாணயங்களையும் எண்ணும் விலையும் போட்டு வரிசைப்படுத்தும் புத்தகம். கேட்டலாக் விலை என்பது, நல்ல நிலையில் உள்ள ஒரு பிரதிக்கு ஒரு வியாபாரி கேட்கக்கூடிய தொகை. அது சந்தை விலை அல்ல. சாதாரணத் தலைகளுக்குக் கேட்டலாக்கில் போட்டிருக்கும் குறைந்தபட்ச விலை பெரும்பாலும் அந்தத் தலையின் மதிப்பே இல்லை. அதைத் தேடி எடுத்து, கவரில் போட்டு விற்கும் வேலைக்கான கூலி. அப்படிப்பட்ட ஆயிரம் தலைகளைக் கூட்டி "கேட்டலாக் மதிப்பு இவ்வளவு" என்று ஒருவர் உங்களிடம் விற்க வந்தால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையையும் ஒன்று விற்ற விலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிறகு அந்த விலையோடு கவர், அட்டை, தபால், பணம் செலுத்தும் சேவையின் கழிவு, நீங்கள் உட்கார்ந்து ஸ்கேன் எடுத்து எழுதும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மலிவான பொருள்களை ஒவ்வொன்றாக விற்றால் கைநஷ்டம்தான். அவற்றை இருபது, ஐம்பது என்று பொதியாகக் கட்டி விற்றால் தேறும்.

தரத்தை எப்படி எழுதுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1840-ல் பிரிட்டனில் வந்த பென்னி பிளாக், உலகின் முதல் ஒட்டும் தபால்தலை. கிட்டத்தட்ட 6 கோடியே 80 லட்சம் அச்சடித்தார்கள். பழையதுதான், ஆனால் கிடைக்காத பொருள் அல்ல. அந்தக் காலத்தில் தலைகளுக்கு இடையே துளை போடும் வழக்கம் இல்லாததால், தபால் ஊழியர்கள் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார்கள். அவசரத்தில் வெட்டியதில் பலவற்றில் ஓரம் படத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் நிற்கும் பிரதிக்கும், ஒரு பக்கம் ஓரம் போன பிரதிக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் வரும். தலை ஒன்றுதான், விலையைத் தீர்மானிப்பது நிலை.

ஆகவே "நல்ல நிலை" என்று எழுதுவது எதையும் சொல்லாமல் விடுவதற்குச் சமம். ஒரு வர்ணனை இப்படி இருக்கலாம்: "பயன்படுத்தியது. நான்கு ஓரமும் உண்டு, வலது ஓரம் கீழ்ப்பக்கம் மிக நெருக்கம். சிவப்பு முத்திரை, முகம் தெளிவாகத் தெரிகிறது. பின்புறம் ஹிஞ்ச் ஒட்டியிருந்த இடத்தில் கடுகளவு தாள் மெலிந்திருக்கிறது, முன்னால் தெரியாது." (ஹிஞ்ச் என்பது தலையை ஆல்பத்தில் ஒட்டப் பயன்படும் சின்னத் தாள்துண்டு.) இந்த வர்ணனையைப் படிப்பவருக்குப் பொருள் கண்முன் வந்துவிடுகிறது. அந்தக் கடுகளவு மெலிவைச் சொன்னதால் விலை குறையத்தான் செய்யும். சொல்லாமல் விட்டிருந்தால் பொருளே திரும்பி வந்திருக்கும், அவரும் போயிருப்பார்.

தபால்தலையில் பார்க்க வேண்டியவை: துளைப் பற்கள் எல்லாம் இருக்கின்றனவா, பின்புறப் பசை அசலா அல்லது பிறகு பூசியதா, ஹிஞ்ச் தடம் உண்டா, மடிப்பு, மெலிவு, கறை, பழுது பார்த்த இடம். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெலிந்த இடமும் ஒட்டுப் போட்ட இடமும் அப்போதுதான் தெரியும்.

நாணயத்துக்கு 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக 1949-ல் வெளியான அந்த முறை இன்று எல்லா நாணயங்களுக்கும் பரவிவிட்டது. ஆனால் எண்ணைப் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்தின் முகத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் ஒரே திசையில் ஓடும். அனுபவசாலிக்கு அது ஒரே பார்வையில் தெரியும். சுத்தம் செய்தது என்றால் அப்படியே எழுதுங்கள். நீங்களாக எதையும் சுத்தம் செய்யவே செய்யாதீர்கள். காலத்தால் படிந்த நிறத்துக்குத்தான் பலர் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

இசைத்தட்டில் தட்டுக்கு ஒரு தரம், உறைக்கு ஒரு தரம் என்று தனித்தனியே எழுதுவது வழக்கம். கண்ணால் பார்த்து எழுதினீர்களா, ஓடவிட்டுக் கேட்டு எழுதினீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு தரங்களுக்கு நடுவே சந்தேகம் வந்தால் கீழே உள்ளதை எழுதுங்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கும் பொருளைக் கையில் வாங்கியவர் அடுத்த ஆர்டரை உடனே போடுவார்.

படம் எப்படி எடுக்க வேண்டும்?

தட்டையான பொருளுக்கு ஸ்கேன், மற்றவற்றுக்குப் புகைப்படம். இரண்டு பக்கமும் கட்டாயம். தபால்தலையைக் கறுப்புப் பின்னணியில் வைத்தால் ஒவ்வொரு பல்லும் எண்ணிவிடலாம் போலத் தெரியும். நாணயத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழ வேண்டும். நிறத்தையும் பிரகாசத்தையும் கணினியில் கூட்டாதீர்கள். குறை உள்ள இடத்தை மட்டும் நெருக்கமாக இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள்.

வாடிக்கையாளர்கள் எங்கே கிடைப்பார்கள்?

சங்கங்களிலும், அவற்றின் இதழ்களிலும், கண்காட்சிகளிலும், ஆன்லைன் சந்தைகளிலும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் ஆர்டர் வந்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் வியாபாரம் நிற்கிறது.

ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்னத் தாள் வையுங்கள்: "நீங்கள் தேடிக்கொண்டிருப்பவற்றை எழுதி அனுப்புங்கள்." வரும் தேவைப் பட்டியல்களை ஒரு நோட்டிலோ கணினியிலோ கேட்டலாக் எண்ணோடு குறித்து வையுங்கள். புதுத் தொகுப்பு கைக்கு வந்ததும் முதல் வேலை, அதை அந்தப் பட்டியலோடு ஒப்பிடுவது. "நீங்கள் கேட்ட வரிசையில் 4-ஆம் எண் வந்திருக்கிறது, பட்டியலில் போடுவதற்கு முன் உங்களிடம் சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் விலைகூடக் கேட்க மாட்டார்கள்.

அப்ரூவல் முறை என்கிறார்களே, அது என்ன?

பொருள்களை முதலில் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவது. அவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு, அதற்கான பணத்தோடு மீதியைத் திருப்பி அனுப்புவது. தபால்தலை வியாபாரம் பல தலைமுறைகளாக இந்த முறையில் வளர்ந்தது. சிறுவர்கள் பலருக்கு முதல் ஆல்பம் நிறைந்ததே அப்படித்தான்.

தெரியாதவருக்கு அனுப்பாதீர்கள். கேட்காதவருக்கு அனுப்பவே கூடாது. பல நாடுகளில் கேட்காமல் வந்த பொருளுக்கு அவர் பணம் தர வேண்டியதே இல்லை. ஒரு தவணைக்கு எவ்வளவு மதிப்பு வரை, எத்தனை நாளில் திரும்ப வேண்டும், போகும் தபால் செலவு யாருடையது, வரும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வையுங்கள். அனுப்புவதற்கு முன் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பிரதியை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் மட்டமான ஒன்றைச் செருகி அனுப்புவதும் நடக்கிற காரியம்தான்.

எப்படிப் பேக் செய்வது?

தபால் நிலையத்தில் கவர்கள் இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகின்றன. அதை மனதில் வைத்தே எல்லாம் செய்ய வேண்டும்.

தபால்தலையை கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய தாள் உறையிலோ, தலையைச் செருகி வைக்கும் கறுப்பு ஸ்டாக் கார்டிலோ வைத்து, அதைவிடச் சற்றுப் பெரிய இரண்டு விறைப்பான அட்டைகளுக்கு நடுவே வையுங்கள். ஈரம் படாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை. செல்லோடேப் எக்காரணம் கொண்டும் பொருள் இருக்கும் உறையின் வாயில் படக்கூடாது. பிரிக்கும்போது பொருள் அதில் ஒட்டிக்கொள்ளும். டேப்பின் நுனியை மடித்துவிட்டால், வாங்குபவர் கத்தி தேடாமல் இழுத்துப் பிரிக்கலாம்.

நாணயம் கவருக்குள் ஆடக்கூடாது. தளர்வாகப் போட்டால் உருளையில் மாட்டி, கவரைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்துவிடும். அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி அதில் பதித்து, இருபுறமும் மூடி, குமிழி உறையில் அனுப்புங்கள். அட்டைப் பிடிப்பானில் வைத்து ஸ்டேப்பிள் அடித்தால் அதன் முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்து நாணயத்தைக் கீறும். மலிவான மென்பிளாஸ்டிக் உறைகள் பல பி.வி.சி.யில் செய்தவை. நாளாக ஆக அது அமிலத்தன்மையுள்ள பொருளை வெளியிட்டு, நாணயத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்டையும் தூர வையுங்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

விளையாட்டு அட்டைக்கு முதலில் மெல்லிய உறை, பிறகு விறைப்பான பிளாஸ்டிக் பிடிப்பான். இசைத்தட்டை அட்டை உறைக்குள் வைத்தே அனுப்பினால், வழியில் ஒரு குலுக்கலில் தட்டின் விளிம்பு உறையின் தையலைப் பிளந்துவிடும். தட்டை உள்தாளோடு வெளியே எடுத்து உறைக்குப் பின்னால் வைத்து அனுப்புவது சேகரிப்பாளர்கள் விரும்பிக் கேட்கும் முறை.

இன்னொன்று. தபால்தலை சேகரிப்பவருக்கு அனுப்பும் கவரில் இயந்திரத்தில் அடித்த சீட்டை ஒட்டாமல் அழகான சிறப்புத் தலைகளை ஒட்டுங்கள். முத்திரையைக் கையால், மூலையில் மட்டும் விழும்படி குத்தச் சொல்லிக் கேளுங்கள். பல ஊழியர்கள் சந்தோஷமாகச் செய்து கொடுப்பார்கள். வாங்குபவர் அந்தக் கவரையும் ஆல்பத்தில் வைத்துக்கொள்வார்.

வழியில் தொலைந்தால் யார் பொறுப்பு?

நீங்கள்தான். சட்டம் உங்கள் நாட்டில் என்ன சொன்னாலும், பொருள் கைக்கு வராதவரிடம் "நான் அனுப்பிவிட்டேன்" என்று சொல்லி இந்தத் தொழிலில் நீடிக்க முடியாது. ஒரு தொகையை வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே சாதாரணத் தபால், தொலைந்தால் நஷ்டத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கு மேலே பதிவுத் தபால் அல்லது காப்பீடு, செலவை விலையோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தபால் ரசீதைப் பொருள் போய்ச் சேர்ந்து, அவர் சரி என்று சொல்லும்வரை பத்திரமாக வையுங்கள். காப்பீடு எடுக்கும் முன் நாணயமும் தபால்தலையும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள், பல திட்டங்கள் அவற்றை ஒதுக்கிவைக்கின்றன.

கவரின் வெளியே உங்கள் கடையின் பெயரில் "நாணயம்", "ரேர்" போன்ற சொற்கள் தெரிய வேண்டாம். வீட்டு முகவரி மட்டும் போதும்.

வெளிநாட்டுக்கு விற்கலாமா?

விற்கலாம், ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு. உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி நாணயத்தையும் பணத்தாளையும் காப்பீடு இல்லாத கடிதத் தபாலில் வைக்கக் கூடாது. உள்நாட்டுச் சட்டம் அனுமதித்தால் மூடிய கவரில் பதிவுத் தபாலாக அனுப்பலாம். உங்கள் நாடும் போய்ச் சேரும் நாடும் என்ன அனுமதிக்கின்றன என்பதை முதலில் கேளுங்கள்.

சுங்கப் படிவம் சிறிய மதிப்புக்கு சி.என். 22, கூடுதல் மதிப்புக்கு சி.என். 23. சுங்க வகைப்பாட்டில் தபால்தலைக்கு 9704, நாணயவியல் போன்ற சேகரிப்புப் பொருள்களுக்கு 9705, 100 வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்கு 9706. மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர் ஒருவராவது வருவார். மறுத்துவிடுங்கள். அது சட்டத்துக்கு விரோதம், தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் நஷ்டஈடாகவும் கிடைக்கும்.

இரண்டு ஒப்பந்தங்களை அறிந்திருப்பது அவசியம். பண்பாட்டுச் சொத்து பற்றிய யுனெஸ்கோவின் 1970 ஒப்பந்தம், 100 வருஷத்துக்கு மேற்பட்ட நாணயங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தபால்தலைகளும் அதன் பட்டியலில் உண்டு. பல நாடுகளில் பழைய நாணயத்தை அனுமதியில்லாமல் வெளியே அனுப்புவது குற்றம். யானைத் தந்தம், ஆமை ஓடு போன்றவை கலந்த பொருள்களுக்கு அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-ல் உருவான சைட்டிஸ் ஒப்பந்தம் பொருந்தும்.

போலிப் பொருள் என் கையில் சிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

முழுக்கத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் சில போலிகள் நிபுணர்களையே ஏமாற்றியிருக்கின்றன. 1942-ல் ழான் டி ஸ்பெராட்டி என்பவர் பிரான்சிலிருந்து லிஸ்பன் வியாபாரி ஒருவருக்குத் தபாலில் அனுப்பிய அரிய தலைகளைச் சுங்கத்துறை பிடித்தது. நிபுணர்கள் பார்த்து அசல்தான் என்று சொல்ல, விலைமதிப்புள்ள பொருளை முறைகேடாக வெளியே அனுப்பியதாக வழக்குப் போட்டார்கள். "இவை நான் செய்த நகல்கள்" என்று அவரே சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்தது.

நீங்கள் தேர்ந்தெடுத்த பிரிவு குறுகியதாக இருப்பது இங்கேயும் உதவும். அதில் எந்தெந்தத் தலைக்குப் போலி உண்டு, எந்த எழுத்து வளைவில் அது தெரியும் என்பது பழகப் பழகப் பிடிபடும். நாணயமானால் எடையும் விட்டமும் அளந்து பாருங்கள், அரைக் கிராம் வித்தியாசம்கூட விஷயத்தைச் சொல்லிவிடும். விலை உயர்ந்ததை நிபுணர் குழுவின் சான்றிதழோடு மட்டும் விற்றுவிடுங்கள். நகல் என்று தெரிந்தால் நகல் என்றே விற்கலாம், ஆனால் அந்த வார்த்தை தலைப்பிலேயே இருக்க வேண்டும்.

நீங்கள் விற்றது போலி என்று பிறகு நிரூபணமானால், எத்தனை வருஷம் ஆனாலும் முழுப் பணத்தையும் திருப்பித் தருவேன் என்று பட்டியலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

"பிடிக்கவில்லை" என்று திருப்பி அனுப்பினால்?

வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். ஒரு கால வரம்பு வைத்துக்கொள்ளலாம். வந்த பொருள் உங்கள் ஸ்கேனில் இருந்ததுதானா என்று மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருப்பை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம். வெயிலும் ஈரமும் படாத அறை, காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அதற்கு மேலே ஏறினால் தாளில் பழுப்புப் புள்ளி விழும், பசையுள்ள தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆல்பங்களை நிறுத்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, எந்தப் பெட்டியில், எந்தத் தொகுப்பிலிருந்து, என்ன விலைக்கு வந்தது என்று பதிந்து வையுங்கள். வரிக்கணக்கு எழுதும்போதும் அது வேண்டும், ஒரே பொருளை இருவருக்கு விற்றுவிடாமல் இருக்கவும் வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா?

ஒரு வருஷ விற்பனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் வருஷம் விற்பது பெரும்பாலும் முதலில் வாங்கிய நல்ல தொகுப்பின் பலம். அது தீர்ந்த பிறகு அதே தரத்தில் சரக்கு உங்களைத் தேடி வருகிறதா, பழைய வாடிக்கையாளர்கள் தேவைப் பட்டியலைப் புதுப்பித்து அனுப்புகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் நடந்து, வீட்டுச் செலவுக்கு எடுத்தது போக அடுத்த தொகுப்பு வாங்கக் கையில் பணமும் நிற்கிறது என்றால் விடலாம். சரக்கு மட்டும் நிறைய இருந்து பணம் இல்லை என்றால் இன்னும் கொஞ்ச காலம் சம்பளத்தோடு இருங்கள். நல்ல தொகுப்பு ஒன்று விற்பனைக்கு வரும் நாளில் அன்றைக்கே பணம் கொடுக்க முடிந்தவருக்குத்தான் அது கிடைக்கும்.